எல்லார் கையிலும் வேதாகமம்தான் இருக்கிறது, யாரை நம்புவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் புரிந்து படிக்கலாம். உங்கள் அம்மா விடியற்காலையில் எழுந்ததும் போனில் ஐந்தாறு கிறிஸ்தவ ஊழியர்களின், அதாவது போதகர்களின், வீடியோவை வரிசையாகக் கேட்கிறார். ஒருவர் இந்த மாதம் இரட்டிப்பான ஆசீர்வாதம் என்கிறார். இன்னொருவர் இயேசுவின் இரண்டாம் வருகை வாசற்படியில் நிற்கிறது, இனிமேல் வீடு கட்டாதே, நிலம் வாங்காதே என்கிறார். மூன்றாமவர் இந்த இருவரையும் பெயர் சொல்லிக் கள்ளத்தீர்க்கதரிசிகள் என்று திட்டுகிறார். மூவருமே வசனம் காட்டித்தான் பேசுகிறார்கள். அம்மாவின் பென்ஷனிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் இவர்களில் ஒருவருக்குப் போகிறது. "நம்பத்தகுந்த ஊழியர்களின் பட்டியல் ஒன்று தாருங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

பட்டியல் தரப்போவதில்லை. தந்தால் அம்மாவின் போனில் ஏழாவது குரலாக நானும் சேர்ந்துகொள்வேன், அவ்வளவுதான். தவிர, இன்றைக்கு நிதானமாகப் பேசுகிறவர் அடுத்த வருஷம் என்ன பேசுவார் என்று யார் கண்டது? உங்கள் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊழியக்காரர் ஒருவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எதை வைத்துச் சோதிப்பது?

அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "சுகமாகிவிட்டாய்" என்று ஒரு ஜெபத்தில் சொன்னதை நம்பி அம்மா சில நாள் சர்க்கரை மாத்திரையைப் போடுவதில்லை என்கிறீர்கள். மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இதற்குப் பொறுக்க வேண்டாம். லூக்கா 17-இல் இயேசு பத்துக் குஷ்டரோகிகளை "ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றுதான் அனுப்பினார். சுகமாயிற்றா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்றைக்கு ஆசாரியனுடையது, லேவியராகமம் 13, 14 அதிகாரங்கள் முழுக்க அந்த வேலைதான். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். சுகமாகியிருந்தால் அது இரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். பரிசோதனைக்குப் போகாதே என்று எந்த ஊழியர் சொன்னாலும், அவர் எத்தனை வசனம் காட்டினாலும், அந்த விஷயத்தில் அவருக்குச் செவிகொடுக்க வேண்டியதில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து, இறையியல் படித்து, பல வருஷம் சபைகளில் போதகராக இருந்தவன். இப்போது ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சபையில் பிரசங்கம் பண்ண வருகிறவர்களுக்கும் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கைதட்டி, அந்நிய பாஷை பேசி ஆராதிக்கிற சபை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அந்தப் பக்கத்து ஊழியங்களை நான் கொஞ்சம் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பவனாக இருக்கலாம், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சோதிக்கிற உரிமை பற்றி. நம் ஊரில் ஒரு ஊழியரைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் உடனே வந்து விழுகிற வசனம் சங்கீதம் 105:15, அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்பது. உங்கள் அம்மாவும் அதையே சொல்லியிருப்பார். மேலே இருக்கிற மூன்று வசனங்களையும் சேர்த்துப் படித்தால் விஷயம் வேறு. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிப்பு அது. அதிகாரம் இல்லாதவனை அதிகாரம் உள்ளவனிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தையை, மைக் வைத்திருப்பவரை மைக் இல்லாதவரிடமிருந்து காப்பாற்ற எடுத்துக்கொண்டிருக்கிறோம். தாவீதைப் பாருங்கள். கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்று சவுலின்மேல் கைபோட மறுத்தவர் அவர்தான். ஆனால் குகைக்கு வெளியே நின்று, ராஜாவின் ஆட்கள் எல்லாரும் கேட்க, ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று சவுலை நேராகக் கேட்டவரும் அவர்தான் (1 சாமுவேல் 24). பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். ஆக உரிமை உண்டு. பவுல் அதைக் கடமையாகவே எழுதுகிறார்: "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கேலி பண்ணித் தள்ளிவிடவும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் கூடாது.

எப்படிச் சோதிப்பது என்பதில்தான் போன் புகுந்து காரியத்தைக் கெடுக்கிறது. கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்கிறார் பவுல். அந்த மற்றவர்கள் யார்? ஒரே வீட்டில் கூடுகிறவர்கள். பேசுகிறவன் வேலைக்காரனுக்குக் கூலி கொடுக்கிறானா, மனைவியை எப்படி நடத்துகிறான், வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்தானா என்று தெரிந்தவர்கள். போன வருஷம் அவன் சொன்னது என்ன ஆயிற்று என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கனிகளினாலே அறிவீர்கள் என்று இயேசு சொன்னதற்கும் மரத்தின் பக்கத்தில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும். யூடியூபில் நமக்குக் கிடைப்பது வெட்டி ஒட்டிய இருபது நிமிஷம். அம்மா தனியாக, விளக்குப் போடாத அறையில், ஒரு சின்னத் திரைக்கு முன் உட்கார்ந்து, ஒரு சபையே கூடிச் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருக்கிறார். அவரால் முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்கும் தனியாக முடியாது. சோதித்தறிவது பலர் கூடி, நேரம் எடுத்துச் செய்கிற காரியம். அந்தக் கூட்டத்தையும் நேரத்தையும் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்ல நினைக்கிறேன்.

நேரம் என்று சொன்னேன். எரேமியா 28-ஐ அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். ஏறக்குறைய கி.மு. 594. எருசலேமிலிருந்து ஒரு கூட்டம் ஏற்கெனவே பாபிலோனுக்குச் சிறையாகப் போய்விட்டது. எரேமியா கழுத்தில் மரநுகத்தை மாட்டிக்கொண்டு, பாபிலோன் ராஜாவுக்கு அடங்கியிருங்கள் என்று சொல்லித் திரிகிறார். அப்போது கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, இரண்டே வருஷத்தில் ஆலயப் பணிமுட்டுகளும் சிறைப்பட்டுப்போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். அவரும் கர்த்தர் சொல்லுகிறார் என்றுதான் தொடங்குகிறார். எரேமியாவின் கழுத்திலிருந்து நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறார். இன்றைக்கென்றால் அந்தக் காட்சி ஷார்ட்ஸாகச் சாயங்காலத்துக்குள் உலகம் சுற்றியிருக்கும்.

எரேமியா என்ன செய்தார்? நுகம் உடைபடுமுன், அனனியாவின் வார்த்தையைக் கேட்டதும், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, மனதார ஆசைப்பட்டுச் சொன்னாரா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, அவருக்கும் அந்த ஜனங்கள் சொந்த ஜனங்கள்தானே. பிறகு ஒரே ஒரு அளவுகோலைச் சொல்கிறார்: சமாதானம் வரும் என்கிறவனின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் கர்த்தர் அனுப்பினவன் என்று விளங்கும். நுகத்தை உடைத்த பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. எரேமியா தன் வழியே போனான் என்று அந்தக் காட்சி முடிகிறது. கர்த்தருடைய வார்த்தை தனக்கு உண்டானபிறகுதான் திரும்பி வந்து பதில் சொல்கிறார். அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனார், இரண்டு வருஷத்தில் யாரும் திரும்பி வரவில்லை. உண்மையான தீர்க்கதரிசிக்கே பதில் சொல்ல நேரம் தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு இந்த அதிகாரத்தில் பிடித்த இடம். நாமோ வீடியோ முடிவதற்குள் ஆமென் என்று டைப் பண்ணி, ஐந்து குரூப்புக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் பல் துலக்கப் போகிறோம்.

அடுத்த அதிகாரம் இன்னும் சுவாரசியம். உங்கள் அம்மாவின் வாட்ஸாப்பில் எரேமியா 29:11 வராத வாரம் இருக்காது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே ஏதுவான நினைவுகள் என்கிற வசனம், சூரிய உதயப் படத்தோடு. நல்ல வசனம்தான், நானும் துக்க வீடுகளில் வாசித்திருக்கிறேன். அது பாபிலோனில் இருந்த சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. அதாவது, கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் அந்தத் திரும்புதலைப் பார்க்கப்போவதில்லை. கடிதத்தின் முற்பகுதியில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. வீடு கட்டாதே என்கிற அந்த இரண்டாவது ஊழியருக்கும் அதிலேயே பதில் உண்டு. எட்டாம் வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிகாரரும் உங்களை மோசம்போக்க இடங்கொடாதிருங்கள் என்கிறது. ஊரெல்லாம் சுற்றுகிற வாக்குத்தத்த வசனத்துக்கு மூன்று வசனம் மேலே, வாக்குத்தத்தம் விற்கிறவர்களைப் பற்றிய எச்சரிப்பு இருக்கிறது. வீடியோவில் வசனம் வந்தால் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் வாசித்துப் பாருங்கள். இதற்குக் கிரேக்கமோ எபிரெயமோ வேண்டாம், கண்ணாடி இருந்தால் போதும். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே இப்படித்தான் தினந்தோறும் சரிபார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பெயரும் வாங்கினார்கள்.

இப்போது அம்மா பார்க்கிற மாதிரியான ஒரு வீடியோவைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எந்த ஒருவருடையதும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், இந்த வகையில் நூறு இருக்கும். "கர்த்தர் இப்போது எனக்குக் காண்பிக்கிறார். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு சகோதரி. உங்கள் பெயரில் 'ர' என்ற எழுத்து வருகிறது. வலது முழங்காலில் வலி. வீட்டில் ஒரு பிள்ளையின் கலியாணக் காரியம் தடைபட்டு நிற்கிறது. இந்த மாதத்துக்குள் கதவு திறக்கும்." காலை ஐந்து மணிக்கு இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் யாராக இருப்பார்கள் என்று யோசியுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாக்கள். ராணி, சரோஜா, எஸ்தர், மார்கரெட், ரூத், கிரேஸ், எல்லாவற்றிலும் 'ர' வரிசை எழுத்து ஒன்று உண்டு. அந்த வயதில் முழங்கால் வலிக்காதவர் குறைவு. லட்சம் பேர் பார்த்தால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எல்லாமே பொருந்தும். பொருந்தினவர்கள் "பாஸ்டர், அது நான்தான்" என்று கீழே எழுதுவார்கள், பொருந்தாதவர்கள் ஒன்றும் எழுதாமல் அடுத்த வீடியோவுக்குப் போவார்கள். கீழே படிக்கிறவருக்கு ஒரு தவறு கூட இல்லாத தீர்க்கதரிசி தெரிவார். நான் வகுப்பில் கேட்கச் சொல்கிற கேள்வி இது: இவர் சொன்னது தவறாகப் போகிற வாய்ப்பு ஏதாவது இருந்ததா? தவறவே முடியாத ஒன்றைச் சொன்னவர், சரியாகச் சொன்னார் என்று ஆகிவிடாது. அதற்காக அந்த ஊழியர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளபடியே அப்படி உணர்ந்து பேசுகிறவர்களும் உண்டு. மனதுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது, வார்த்தையைத்தான் எடை போட முடியும்.

ஆமென் என்று டைப் பண்ணுங்கள், மூன்று பேருக்கு ஷேர் பண்ணுங்கள் என்று ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் 2012 முதலே, நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதற்குப் பெரிய மதிப்புக் கொடுத்து அடுத்த வீடியோவைத் தேர்ந்து காட்டுகிறது. பார்க்கவைப்பது எதுவோ அது மேலே வரும். ஒரு பிரசங்கம் சத்தியமா இல்லையா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. பயமும் ஆசையும் நன்றாகப் பார்க்கவைக்கும். அதனால்தான் இரட்டிப்பான ஆசீர்வாதமும் உலக முடிவும் அம்மாவின் திரையில் அடுத்தடுத்து வருகின்றன. இன்னொன்று: ஃபேஸ்புக் நிறுவனத்துக்குள்ளேயே 2019-இல் எழுதப்பட்ட ஒரு அறிக்கை இரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்கான மிகப் பெரிய இருபது பக்கங்களில் பத்தொன்பதைக் கிழக்கு ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு கூலிக் கும்பல்கள் நடத்திவந்தன என்று அதில் இருந்தது. தினமும் காலையில் வசனம் அனுப்பினவர்களுக்கு வேதத்தைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை, ஆள் சேர்ந்தால் சரி. ஆகவே எத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை அத்தாட்சியாக எடுக்காதீர்கள். ஆகாப் ராஜாவின் முன்னால் நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் போ, ஜெயிப்பாய் என்றார்கள். மிகாயா ஒருவர்தான் மாற்றிச் சொன்னார். ராஜா அந்த யுத்தத்தில் செத்தார்.

வருகைக்கு நாள் குறிக்கிறவர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றினவர்கள் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று ஹரோல்ட் கேம்பிங் வானொலியில் சொன்னார், அது நடக்காமல் போகவே அக்டோபர் 21 என்றார். 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் சொன்ன தேதி டிக்டாக்கில் உலகம் சுற்றியது. எல்லாத் தேதியும் போய்விட்டது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று இயேசு சொன்ன பிறகும் தேதி சொல்கிறவரை, அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். கேம்பிங் 2012-இல் தேதி குறித்தது பாவம் என்று வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார், அந்த மட்டில் அவரை மதிக்கிறேன். 2020-இல் டிரம்ப் மறுபடியும் ஜெயிப்பார் என்று அமெரிக்காவில் பலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பலிக்காதபோது ஜெரமையா ஜான்சன் என்ற இளம் ஊழியர் மன்னிப்புக் கேட்டார். அதற்காகவே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, மிரட்டினவர்களும் விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். செவித்தினவுள்ளவர்களாகி, தங்களுக்கென்று போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறதே, அது கேட்கிறவர்களைப் பற்றிய வசனம். நாம் கேட்க ஆசைப்படுகிறதைச் சொல்ல ஒருவர் எப்போதும் கிடைப்பார்.

பண விஷயத்தில் வேதாகமத்துக்கு வெளியேயும் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. டிடாக்கே என்று ஆதிக் கிறிஸ்தவர்களின் ஒரு சிறு நூல், முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. அதன் கையெழுத்துப் பிரதி 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராக வருகிற ஊழியர்களை எப்படி நடத்துவது என்று அதன் பதினோராம் அதிகாரம் சொல்கிறது. வந்தால் கர்த்தரை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்டால் செவிகொடுக்காதே. ஏழைகளுக்காகக் கேட்டால் யாரும் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம். ஆவியில் இருக்கும்போது சாப்பாட்டுப் பந்தி போடச் சொல்லிவிட்டு, அதில் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் கள்ளன்! எந்த அனுபவத்தில் அந்தச் சபை இப்படி ஒரு விதியை எழுதியிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். விதைபோல் பெருகித் திரும்பும் என்று கேட்கிற விதைக்காணிக்கையை அனுப்பினால்தான் கதவு திறக்கும் என்பது இந்த வரிசையில்தான் சேரும்.

ஜெப விண்ணப்பம் என்று வருகிற செய்திகளையும் சோதிக்க வேண்டும். இந்தியாவில் ஒலிசபாங் என்ற மாகாணத்தில் இருபது ஆலயங்களைப் புத்த மதத் தீவிரவாதிகள் எரித்துவிட்டார்கள், 24 மணி நேரத்தில் 200 மிஷனரிகளைக் கொல்லப்போகிறார்கள், ஜெபியுங்கள் என்று ஒரு செய்தி பல வருஷமாக உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அப்படி ஒரு மாகாணமே இந்தியாவில் கிடையாது. ஒரிசா என்ற பெயர் திரிந்து அப்படி ஆனதோ என்று தோன்றுகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒடிசாவின் கந்தமாலில் 2008-இல் ஆலயங்கள் எரிக்கப்பட்டதும் ஜனங்கள் கொல்லப்பட்டதும் உண்மை. அதனால்தான் இந்தப் பொய் எனக்கு அதிகம் வலிக்கிறது, நாளைக்கு உண்மையாகவே ஓர் ஆலயம் எரிந்தால் நம்ப ஆளிருக்காது. வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு வந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். ஊர், தேதி, யார் சொன்னது, இந்த மூன்றும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். ஜெபிக்க வேண்டுமானால் ஜெபியுங்கள், அதற்கு ஃபார்வர்டு தேவையில்லை. முகமும் குரலும்கூட இப்போது சாட்சி ஆகாது. போப் பதினான்காம் லியோ 2025 மே மாதம் பொறுப்பேற்றார். அந்த மாதமே புர்கினா ஃபாஸோ நாட்டுத் தலைவரைப் புகழ்ந்து அவர் பேசுவதுபோல் செயற்கை நுண்ணறிவில் செய்த வீடியோ பரவி, அது போலி என்று வத்திக்கான் செய்தித்துறை சொல்ல வேண்டியதாயிற்று.

உங்கள் மூன்றாவது ஊழியருக்கு வருகிறேன், மற்றவர்களைத் தோலுரிக்கிறவர். இந்த வகைச் சேனல்களைப் பார்த்தால் நாமே பகுத்தறிகிறவர்கள் ஆகிவிட்டதுபோல் ஒரு திருப்தி வருகிறது, அதில்தான் வினை. அவர்களில் சிலர் நல்ல வேலை செய்கிறார்கள், முழு வீடியோவையும் காட்டி, வசனத்தை வசனத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். வேறு சிலர் பத்து விநாடித் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கத்துகிறார்கள். அவர்களுக்கும் அதே யூடியூப் கணக்குதான், அடுத்த வாரம் இன்னொரு கள்ளத்தீர்க்கதரிசி கிடைத்தாக வேண்டும். அவர் யாரைப் பற்றியாவது எப்போதாவது நல்லது சொல்லியிருக்கிறாரா, தான் சொன்னது தவறு என்று தெரிந்தபோது திருத்திச் சொன்னாரா, குற்றம் சாட்டுமுன் அந்த ஆளிடம் பேசிப் பார்த்தாரா என்று கவனியுங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அவரையும் அம்மாவின் காலை நேரத்திலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

இனி எனக்கு நிச்சயமில்லாதவை. தீர்க்கதரிசன வரம் இன்றைக்கும் சபையில் உண்டா என்பதில் வேதத்தை நேசிக்கிறவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். உண்டு என்றுதான் நான் சாய்கிறேன், ஆனால் இல்லை என்கிறவர்களின் வாதம் லேசானதில்லை. வசதியாக வாழ்கிற ஊழியர் எல்லாரும் பொய்யர் என்று முடிவுகட்டவும் எனக்கு மனமில்லை. அழுகை, நடுக்கம், விழுதல் இவற்றைப் பொறுத்தவரை ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் 1741-இல், அங்கே நியூ இங்கிலாந்தில் பரவிய எழுப்புதலின், அதாவது பக்தி விழிப்பின், நடுவில் நின்றுகொண்டு சொன்னதோடு நான் நிற்கிறேன்: இவை ஆவியானவரின் வேலை என்று நிரூபிக்கவும் செய்யாது, இல்லை என்று நிரூபிக்கவும் செய்யாது. கத்தோலிக்கத் திருச்சபை 2024-இல் காட்சிகள், அற்புதங்கள் பற்றி வெளியிட்ட புதிய விதிகளிலும் ஆயர்கள் பொதுவாக இது தெய்வீகம் என்று அறிவிக்கப்போவதில்லை, ஜனங்களுக்குத் தீங்கு உண்டா இல்லையா என்பதையே முதலில் பார்ப்பார்கள். இரண்டாயிரம் வருஷ அனுபவமுள்ள ஒரு அமைப்பே இவ்வளவு நிதானிக்கிறது.

இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் குண்டடிபட்டுக் காலொடிந்து படுத்திருந்தபோது, வீர சாகசங்களைப் பற்றிக் கனவு கண்டால் அந்த நேரம் இனிமையாக இருந்து பிறகு மனம் வறண்டுபோவதையும், புனிதர்களைப் பற்றி நினைத்தால் பிறகும் நிறைவு தங்கியிருப்பதையும் கவனித்தார். வீடியோ பார்க்கும்போது எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்காதீர்கள், பத்து மணிக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பொறுமையாகப் பேச முடிகிறதா, அல்லது பயமும் படபடப்பும், யார்மேலாவது கோபமுமா? இது ஒன்றே தீர்ப்பு ஆகாது. எரேமியா சொன்னதைக் கேட்டவர்களுக்கும் இனிமையாக இருந்திருக்காது. ஆனால் பல வாரம் தொடர்ந்து ஒரே மாதிரி இருந்தால் அதை மதிக்க வேண்டும்.

போனைப் பிடுங்காதீர்கள், பெரிய சண்டையாகும். வீடியோக்களை இரண்டாகக் குறைத்து, அதில் ஒன்றை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள், அவர் காட்டிய அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அம்மாவின் சபையில் முகம் தெரிந்த ஒரு மூத்த பெண்மணியோ, அம்மா மதிக்கிற போதகரோ இருந்தால் வாரத்தில் ஒருநாள் வரச் சொல்லுங்கள். உள்ளூர்ப் போதகர் சுமாராகப் பிரசங்கிப்பவராக இருக்கலாம், யூடியூபில் வருகிறவர்போல் பேச்சு வராது. ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வரக்கூடியவர் அவர்தான், அவர் வாழ்க்கையை நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளூர்ச் சபையிலும் ஏமாற்று உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது முடியும்.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வழி இருக்கிறது. அந்த ஊழியத்துக்கு அம்மா பெயரிலேயே ஒரு கடிதமோ மெயிலோ எழுதி, ரசீதும் போன வருஷத்துத் தணிக்கை செய்த கணக்கும் கேளுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால் கணக்கு வைத்திருந்தே ஆக வேண்டும், கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுலே தனியாகப் போகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடச் சேர்த்துக்கொண்டார், யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காக (2 கொரிந்தியர் 8). ஒழுங்கான பதில் வந்தால் அம்மா தொடர்ந்து கொடுக்கட்டும், அது அவர் பணம். பதிலே வராவிட்டாலோ, கேட்டதற்காகச் சாபம் வரும் என்று பயமுறுத்தினாலோ, அந்தப் பதிலையும் அம்மாவிடம் காட்டுங்கள். அதன்பிறகு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.